கண்ணிவெடி அகற்றலின் அளவுகோல் பிறந்த கதை

1990களின் நடுவில் ஒரு கணக்கு உலகம் முழுக்கச் சுற்றி வந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் மண்ணில் 11 கோடிக் கண்ணிவெடிகள் கிடக்கின்றன. ஒன்றைச் செய்ய 3 டாலர் போதும். அதையே தேடி எடுக்க 300 முதல் 1,000 டாலர் ஆகும். ஆண்டுக்கு ஒரு லட்சம் என்ற வேகத்தில் போனால் எல்லாவற்றையும் எடுத்து முடிக்க 1,100 ஆண்டுகள் பிடிக்கும். ஐ.நா. ஆவணங்கள், தலைவர்களின் உரைகள், பத்திரிகைத் தலையங்கங்கள் என்று எங்கும் இதே எண்கள். கேட்டவர்கள் பதறினார்கள். அந்தப் பதற்றத்துக்கும் பயன் இருந்தது. 1997 டிசம்பரில் ஒட்டாவாவில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தம் கையெழுத்தானதில் அந்த எண்களுக்கும் பங்கு உண்டு.

ஆனால் அந்த 11 கோடியை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. புதைத்தவர்கள் பலர் வரைபடம் வைக்கவில்லை. வைத்தவர்கள் பலர் உயிரோடு இல்லை. 1998இல் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் மதிப்பீட்டை 6 முதல் 7 கோடி என்று குறைத்தது. அதுவும் ஊகமே. எண் தவறு என்பதைக் காட்டிலும் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது: எண்ணவேண்டிய பொருளே அது அல்ல. களத்தில் மண்டியிட்டு வேலை செய்தவர்களுக்கும், அந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்கும் இது முன்பே தெரியும். அவர்களுக்குத் தெரிந்தது அறிக்கைகளின் கட்டங்களுக்குள் வந்து சேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றல் என்று இன்று அறியப்படும் பணி ஆப்கானிஸ்தானில்தான் உருப்பெற்றது. 1988–89இல் சோவியத் படைகள் வெளியேறின. பாகிஸ்தான் முகாம்களில் இருந்த அகதிகள் ஊர் திரும்ப வழி செய்வதற்காக ஐ.நா. ஒரு திட்டம் வகுத்தது. பல நாட்டு ராணுவப் பொறியாளர்கள் பெஷாவருக்கும் குவெட்டாவுக்கும் வந்து ஆயிரக்கணக்கான ஆப்கானியருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கற்றுக்கொண்டவர்கள் ஊருக்குப் போய்த் தங்கள் நிலத்தைத் தாங்களே சுத்தம் செய்துகொள்வார்கள் என்பது எதிர்பார்ப்பு. பயிற்சி பெற்றோர் தொகை ஏறிக்கொண்டே போனது. சுத்தமான நிலம் ஏறவில்லை. நல்ல கருவி இல்லை, மேற்பார்வை இல்லை, காயம்பட்டால் தூக்கிக்கொண்டு ஓட ஆள் இல்லை. அப்படி ஒருவர் தன்னந்தனியே வயலில் இறங்கி என்ன செய்ய முடியும்? அதன்பிறகே ஆப்கானியரின் சொந்த அமைப்புகள் உருவாகி, குழுக்களாக, ஒழுங்கான முறையில் வேலை நடந்தது. ஆக, இந்தத் துறை முதன்முதலில் எண்ணியது பயிற்சி பெற்ற ஆட்களை.

பிறகு எடுத்த வெடிகளை எண்ணினார்கள். கொடை கொடுத்த நாடுகளுக்கு இது பிடித்திருந்தது. இத்தனை ஆயிரம் வெடிகள் அழிக்கப்பட்டன என்று நாடாளுமன்றத்தில் சொல்லிக்கொள்ளலாம். களத்தில் நடப்பதோ வேறு. கம்போடியாவில் 1992 முதல் 1998 வரை மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட பொருள்கள் சுமார் 20 கோடி. அவற்றில் வெடிக்கக்கூடியவை 0.3 விழுக்காடுதான். மற்றவை ஆணி, தகரம், தோட்டா உறை, குண்டுச் சிதறல். கருவி ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் அது வெடியாகவே இருக்கும் என்று எண்ணித்தான் தோண்ட வேண்டும். ஒரு வயலில் ஒரே ஒரு மிதிவெடி இருக்கலாம். அது எங்கே என்று தெரியாதவரை முழு வயலும் தரிசு. வெடியே இல்லாத வயல்கூட, இருக்கலாம் என்ற பேச்சு ஊரில் பரவினால் போதும், தரிசாகிவிடும். அந்த வயலை அங்குலம் அங்குலமாகத் தேடி, எதுவும் இல்லை என்று உறுதிசெய்து உழவரிடம் ஒப்படைத்த குழுவின் அறிக்கையில் அன்றைய கணக்கு பூஜ்யம். அதேநேரம், யாரும் போகாத மலையுச்சியில் இருந்த பழைய ராணுவ முகாமைச் சுற்றி நூறு வெடிகளை எடுத்த குழு பெரிய சாதனை செய்ததாகப் பெயர் வாங்கும்.

எனவே சதுர மீட்டருக்கு மாறினார்கள். இது ஒரு படி மேல்; நிலம் கணக்குக்குள் வந்தது. ஆனால் பணமும் சதுர மீட்டர் அளவில் கொடுக்கப்பட்டபோது, எந்த நிலத்தை முதலில் எடுப்பது என்பதையே அந்த அளவுகோல் தீர்மானிக்கத் தொடங்கியது. கையால் தேடும் ஒருவர் நாளொன்றுக்குச் சில பத்துச் சதுர மீட்டர்தான் முடிப்பார். சமவெளி, மென்மையான மண், புதர் இல்லாத இடம் என்றால் வேகமாக நகரலாம். இடிந்த வீட்டின் கற்குவியல், இரும்புத் துண்டுகள் நிறைந்த ரயில்பாதை ஓரம், மூங்கில் அடர்ந்த ஆற்றங்கரை என்றால் நாள் முழுக்க உழைத்தாலும் ஒரு திண்ணையளவு நகராது. குடும்பங்கள் காத்திருந்தது பெரும்பாலும் அந்தக் கற்குவியலுக்கும் ஆற்றங்கரைக்கும்தான்.

கேள்வியை முதலில் மாற்றிக் கேட்டவர்களில் ஆஸ்லோ அமைதி ஆய்வு நிறுவனத்தினர் முக்கியமானவர்கள். மொசாம்பிக்கில் 1992இல் உள்நாட்டுப் போர் முடிந்து மக்கள் திரும்பி வந்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டில் அனந்தா மில்லார்டும் கிறிஸ்டியன் பெர்க் ஹார்ப்விக்கனும் அந்த நாட்டை எடுத்துக்காட்டாக வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெடியிலிருந்து தொடங்காமல், வெடியோடு வாழும் ஊரிலிருந்து தொடங்கிப் பாருங்கள் என்பது அதன் சாரம். நிபுணர்கள் வரும்வரை மக்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பதில்லை. எந்தப் பாதை பாதுகாப்பானது என்று நடந்து கண்டுபிடிக்கிறார்கள், மரத்தில் அடையாளம் வெட்டுகிறார்கள், பழைய கிணற்றைக் கைவிட்டு வேறு கிணறு தோண்டுகிறார்கள். கம்போடியாவில் கிராமத்தவர்கள் மண்வெட்டியோடு தாங்களே வெடி அகற்றியதைப் பற்றி ரூத் பாட்டம்லி என்ற ஆய்வாளர் எழுதியது இதே நிறுவனத்தின் வெளியீடு. ஊர் ஏற்கெனவே தேடிக்கொண்ட தீர்வைத் தெரிந்துகொள்ளாமல் போகும் குழு, யாருக்கும் தேவைப்படாத பழைய பாதையைச் சுத்தம் செய்துவிட்டு வரக்கூடும்.

இந்தச் சிந்தனைக்கு எண் வடிவம் கொடுக்கும் முதல் பெரிய முயற்சி யேமனில் நடந்தது. ஒட்டாவா ஒப்பந்தம் 1999 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதில் இணைந்த நாடுகள் பத்து ஆண்டுகளுக்குள் தங்கள் மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும். எங்கே தொடங்குவது? அதற்காக அமைக்கப்பட்ட ஆய்வுச் செயல் மையம் ‘கண்ணிவெடித் தாக்க ஆய்வு’ என்ற முறையைக் கொண்டுவந்தது. யேமனில் களப்பணியை நடத்தியது ஆப்கானிஸ்தானின் கண்ணிவெடி அகற்றல் திட்டமிடல் முகமை என்பது என்னை எப்போதும் நெகிழவைக்கும் செய்தி. பத்து ஆண்டுகளுக்கு முன் பிறரிடம் பயிற்சி பெற்ற நாட்டவர்கள், இன்னொரு ஏழை நாட்டுக்குப் போய், உங்கள் ஊரில் என்ன நடந்தது என்று கேட்டார்கள்.

2000ஆம் ஆண்டில் முடிந்த அந்த ஆய்வு 592 ஊர்களைப் பாதிக்கப்பட்டவையாகக் கண்டது. ஒவ்வோர் ஊரிலும் மக்களைக் கூட்டி உட்காரவைத்து, அவர்களையே தங்கள் ஊரின் படத்தை வரையச் சொன்னார்கள். எங்கே வெடி இருப்பதாகச் சந்தேகம், அதனால் எது கைக்கு எட்டாமல் போனது, கடந்த 24 மாதங்களில் யாருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டுப் பதிந்தார்கள். பிறகு மதிப்பெண். கண்ணிவெடி இருந்தால் 2, வெடிக்காத குண்டுகள் இருந்தால் 1. பயிர்நிலம், மேய்ச்சல், குடிநீர், பாதை, வீடு போன்றவற்றில் எது தடைப்பட்டதோ அதற்கு மதிப்பெண்; மொத்தம் 10ஐ எப்படிப் பங்கிடுவது என்பதை ஒவ்வொரு நாடும் தன் நிலைக்கேற்ப முடிவு செய்யலாம். 24 மாதங்களுக்குள் இறந்த அல்லது காயமுற்ற ஒவ்வொருவருக்கும் 2. இதற்கு உச்சவரம்பு இல்லை. கூட்டுத்தொகை 11ஐத் தொட்டால் கடும் பாதிப்பு, 6 முதல் 10 வரை நடுத்தரம், 5 வரை குறைவு. 2001இல் யேமன் தன் தேசியத் திட்டத்தை இந்த வரிசையின் மேல் கட்டியது. சாட், தாய்லாந்து, கம்போடியா, பாஸ்னியா, எத்தியோப்பியா, ஆப்கானிஸ்தான், அங்கோலா என்று பல நாடுகளில் இதே முறை பின்பற்றப்பட்டது.

இது பெரிய மாற்றம். வெடி எத்தனை என்ற கேள்வி படிவத்திலிருந்தே மறைந்தது. ஒரு குடிநீர்க் கிணறு எத்தனை மேய்ச்சல் நிலத்துக்குச் சமம் என்று ஒரு நாடு உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. குறிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது கணிதவியலாளரின் வேலை என்று நினைப்போம். உண்மையில் அது யாருடைய இழப்பு பெரியது என்று தீர்ப்புச் சொல்லும் வேலை.

அந்தத் தீர்ப்பு எங்கே பிசகும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். ஓர் ஊரின் ஒரே ஊற்றைச் சுற்றி மிதிவெடிகள். எல்லோருக்கும் தெரியும், யாரும் அங்கே போவதில்லை. பெண்கள் விடியுமுன் எழுந்து அடுத்த பள்ளத்தாக்குக்கு நடந்து தண்ணீர் சுமக்கிறார்கள். கண்ணிவெடிக்கு 2, குடிநீருக்கு 3 என்று வைத்தால் மொத்தம் 5. விபத்து இல்லை, எனவே குறைந்த பாதிப்பு. பக்கத்து ஊரில் இளைஞர்கள் சிலர் பழைய இரும்பு பொறுக்கப் போய் இரண்டு ஆண்டுகளில் ஐந்து பேர் அடிபட்டார்கள். அவர்களால் மட்டுமே 10 மதிப்பெண். அந்த ஊர் பட்டியலில் மேலே ஏறிவிடும். அங்கே உதவி போகவேண்டியது நியாயமே. ஆனால் முதல் ஊரின் எச்சரிக்கையும் பொறுமையுமே அதற்கு எதிராக வேலை செய்துவிட்டன. ஐம்பது பேர் வாழும் ஊருக்கும் ஐயாயிரம் பேர் வாழும் ஊருக்கும் ஒரே அளவுகோல் என்பது இன்னொரு குறை.

ஊர்க்கூட்டத்தில் பேசியவர்கள் யார் என்பதும் உண்டு. பெரும்பாலும் ஆண்கள். விறகும் தண்ணீரும் தேடி நடப்பவர்களுக்குத் தெரிந்த இடங்கள் வேறு. அவர்களிடம் கேட்காத படத்தில் அந்த இடங்கள் இருக்காது. பெண்களிடம் தனியே கேட்க வேண்டும், கேட்கும் குழுவிலும் பெண்கள் வேண்டும் என்பதை வலியுறுத்தும் வழிகாட்டியை ஐ.நா. 2005இல்தான் கொண்டுவந்தது. மேலும், கேட்டதையெல்லாம் பதிந்ததால் சந்தேகப் பரப்பு பூதாகரமாக வீங்கியது. கம்போடிய ஆய்வில் அது 4,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. அவற்றில் பெரும்பகுதியில் வெடியே இல்லை என்று மறு ஆய்வு செய்து நிலத்தை விடுவிக்கும் முறையைப் பின்னர் தனியே உருவாக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் பொருளாதார வல்லுநர்களும் வந்தார்கள். 2000இல் ஜெஃப் ஹாரிஸ் என்பவர் கம்போடியாவை எடுத்து, வெடி அகற்றும் செலவு அதனால் வரும் வரவைவிட அதிகம் என்று கணக்கிட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டே உலக வங்கிக்காக வில்லியம் பைர்டும் பியோர்ன் கில்டெஸ்டாடும் ஆப்கானிஸ்தானை ஆராய்ந்து, அங்கே வரவு செலவை மிஞ்சுகிறது என்றார்கள். பாசனக் கால்வாய்களும் சாலைகளும் நல்ல பலன் தந்தன. வேறுபாட்டுக்கு நாடும் நிலமும் காரணம்தான். ஆனால் இத்தகைய கணக்கு எதிலும் தவிர்க்கமுடியாத கட்டம் ஒன்று இருக்கிறது: காப்பாற்றப்பட்ட உயிரின் மதிப்பு. அதை அந்த மனிதர் ஈட்டியிருக்கக்கூடிய கூலியால் அளந்தால், ஏழை நாட்டு உழவரின் உயிர் மலிவாகிவிடும். அவர் எவ்வளவு ஏழையோ அவ்வளவுக்கு அவருடைய வயலைச் சுத்தம் செய்வது வீண்செலவு என்று விடை வரும். இந்த விடையை ஏற்க முடியாது என்பதே என் நிலை. வரவு-செலவுக் கணக்கு இரண்டு வயல்களில் எது முதலில் என்று சொல்லட்டும். எந்த நாடு தகுதியானது என்று சொல்லும் உரிமை அதற்குக் கிடையாது.

2001இல் ஜெனீவா பன்னாட்டு மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றல் மையமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து வெளியிட்ட சமூக-பொருளாதார ஆய்வு இந்தக் குழப்பங்களுக்கு நடுவே ஒரு கோட்டைக் கிழித்தது. செய்த வேலை ஒன்று; அதனால் மக்கள் வாழ்வில் நடந்தது வேறொன்று. இரண்டையும் ஒரே எண்ணால் அளக்காதீர்கள். சுத்தம் செய்த மீட்டர் முதலாவது. அங்கே விளைந்த நெல், திறந்த பள்ளிக்கூடம், சந்தைக்குப் போகும் நேரத்தில் மிச்சமானது ஆகியவை இரண்டாவது. இரண்டாவதை அளக்க, வேலை தொடங்குமுன் நிலைமை என்ன என்று ஒருமுறையும், முடிந்து சில மாதங்கள் கழித்து ஒருமுறையும் போய்ப் பார்க்க வேண்டும். வெடி அகற்றிய குழு மூட்டை கட்டிக்கொண்டு போனபிறகு திரும்பிப் போவதற்கு யாரும் பணம் ஒதுக்கியிருக்கவில்லை. அந்த ஒதுக்கீடு வருவதற்கே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. பின்னாளில் யேமனிலும் ஆப்கானிஸ்தானிலும் வாழ்வாதார ஆய்வுகள் இந்த வழியில் நடந்தன.

திரும்பிப் போய்ப் பார்த்தவர்களுக்குச் சில இடங்களில் அதிர்ச்சி காத்திருந்தது. கம்போடியாவின் தாய்லாந்து எல்லையோர மாகாணங்களில் வெடி அகற்றிய நிலம் திடீரென்று விலைமதிப்பு உள்ளதாகிவிடும். ஏழைக் குடும்பத்துக்காக என்று சுத்தம் செய்யப்பட்டதை அதிகாரமும் பணமும் உள்ளவர்கள் வளைத்துக்கொண்டார்கள். சதுர மீட்டர் கணக்கில் அது வெற்றி. மக்கள் கணக்கில், கால் போகும் என்று பயந்து வாழ்ந்த நிலத்தையே அந்த ஏழைகள் இழந்துவிட்டார்கள். இதைத் தடுக்கவே பட்டம்பாங், பாந்தே மியான்சே மாகாணங்களில் மாகாண அளவிலான திட்டமிடல் பிரிவுகள் தோன்றின. ஒரு நிலத்தில் கருவி இறங்குவதற்கு முன்பே, அது யாருக்குப் போகும், எதற்குப் பயன்படும் என்று ஊரோடு பேசி எழுதிவைப்பதும், முடிந்தபின் அதன்படி நடந்ததா என்று பார்ப்பதும் அவற்றின் வேலை. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் பிறந்த குறிகாட்டிகளிலேயே மிக நேர்மையானது இதுதான்: யாருக்கென்று எழுதினோமோ அவர்தான் இன்று அந்த நிலத்தில் இருக்கிறாரா?

அதே கம்போடியா இன்னொரு பாடத்தையும் தந்தது. 1996இல் அங்கே வெடிகளால் இறந்தோரும் காயமுற்றோரும் 4,320 பேர். 2005இல் 875. மறு ஆண்டே 450. ஓராண்டில் ஏறக்குறைய பாதி! கம்போடியா தன் புத்தாயிரம் வளர்ச்சி இலக்குகளில் ஒன்பதாவதாகக் கண்ணிவெடி அகற்றலைச் சேர்த்து, விபத்து எண்ணிக்கையை அதன் குறிகாட்டியாக வைத்திருந்த நாடு. எனவே கொண்டாட்டம் இயல்பு. ஆனால் ஓராண்டில் நிலத்தின் பாதி சுத்தமாகிவிடவில்லை. விழிப்புணர்வுப் பணி, பழைய இரும்பு வியாபாரத்தின் மீதான கெடுபிடி, அந்த ஆண்டின் விளைச்சல், மக்கள் காட்டுக்குள் போகும் தேவை குறைந்தது என்று பல காரணங்கள் பேசப்பட்டன. விபத்து குறைந்தது பெரும் மகிழ்ச்சி. அதை யார் கணக்கில் எழுதுவது என்பது வேறு கேள்வி. மறுபுறம், நிலம் திறந்து மக்கள் திரும்பி வரும் ஆண்டுகளில் விபத்து கூடவும் செய்யும். அந்த எண்ணை மட்டும் வைத்து ஒரு திட்டத்தைத் தோல்வி என்றால் அதுவும் அநியாயம்.

வானத்திலிருந்தும் அளந்து பார்த்தார்கள். மொசாம்பிக் 2015இல் கண்ணிவெடியற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஜார்ஜியோ கியோவெல்லி, ஸ்டெலியோஸ் மிக்காலோபுலோஸ், இலியாஸ் பாபயோவானு என்ற மூன்று பொருளாதார வல்லுநர்கள் அங்கே எந்த இடம் எப்போது சுத்தமானது என்ற ஆவணங்களைத் திரட்டி, செயற்கைக்கோள் பதிந்த இரவு விளக்கொளியோடு ஒப்பிட்டார்கள். 2018இல் வந்த முடிவு: வெடி அகற்றிய இடங்களில் பொருளாதாரம் எழுந்தது, சாலை, ரயில், சந்தை இவற்றைத் திறந்தபோது பலன் தொலைவில் உள்ள ஊர்களுக்கும் பரவியது. அவற்றை முதலிலேயே எடுத்திருந்தால் நாடு இன்னும் வேகமாக நிமிர்ந்திருக்கும். அருமையான ஆய்வு. ஆனால் மின்கம்பம் எட்டாத ஊரில், அகற்றி முடித்த சோளக் கொல்லையில் பயிரிட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் ஒரு பெண் செயற்கைக்கோளின் கண்ணில் படமாட்டார். அவருக்காகத்தான் யாராவது நடந்தே போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

ஃபாக்லாந்து தீவுகளின் கதை இந்த வரிசைக்கு நேர் எதிரானது. 1982 போருக்குப்பின் அங்கிருந்த வெடிவயல்கள் வேலியிட்டுப் பிரிக்கப்பட்டன. பொதுமக்கள் எவரும் இறக்கவில்லை. எந்தத் தாக்கக் குறிகாட்டியை வைத்தாலும் அது உலகப் பட்டியலின் கடைசியில்தான் வரும். ஆனாலும் ஒப்பந்தக் கடமை என்பதால் பிரிட்டன் 2009 முதல் 2020 வரை அதைச் சுத்தம் செய்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஜிம்பாப்வேக்காரர்கள். அவர்களின் சொந்த நாட்டு எல்லையோரம் இன்னும் வெடிகள் இருந்தன. ‘முழுவதும் அகற்றினோமா’ என்ற சட்டத்தின் கேள்வியும் ‘யாருக்கு என்ன பயன்’ என்ற மக்களின் கேள்வியும் இன்றுவரை ஒன்றாகவில்லை.

இலங்கையின் வடக்கில் இந்த இரண்டு கேள்விகளும் இப்போது ஒரே காலக்கெடுவில் வந்து நிற்கின்றன. 2009இல் போர் முடிந்தபோது ஏறத்தாழ 3 லட்சம் பேர் முகாம்களில் இருந்தார்கள். எத்தனை குடும்பங்கள் மீள்குடியேறின என்பதே அன்றைய முதல் அளவுகோல். எனவே வீதிகளும் வீட்டு வளவுகளும் முதலில் எடுக்கப்பட்டன. வயலும் காடும் பிறகு என்று தள்ளிவைக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் போர்முனையாக இருந்த முகமாலையில் மிதிவெடிகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. அங்கே காணி திரும்பக் கிடைக்கப் பலர் நீண்ட காலம் காத்திருந்தார்கள். வெடி அகற்றும் குழுக்களில் பெண்கள் பெருமளவில் இருக்கிறார்கள். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பலருக்கு அதுவே வருமானம். அவர்கள் வாங்கிய சம்பளமும் இந்தத் திட்டத்தின் தாக்கம்தான். வேலை முடிந்ததும் அது நின்றுபோவதும் தாக்கம்தான். அதை அளக்கும் கட்டமும் படிவத்தில் இருக்க வேண்டும். இராணுவத்தின் பிடியில் இன்னும் இருக்கும் காணிகளும் உண்டு. வெடி இல்லாத மண்ணெல்லாம் உரியவர் கைக்கு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி நிலத்தைச் சுத்தம் செய்து முடிக்கக் கெடு 2028 ஜூன். அப்போது எழுதப்படும் அறிக்கையில் எத்தனை சதுர கிலோமீட்டர், எத்தனை லட்சம் வெடி என்ற எண்கள் நிச்சயம் இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு காணியையும் இன்று யார் உழுகிறார், எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் அள்ளுகிறார், வேலையை முடித்துக்கொடுத்த பெண்கள் இப்போது எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதும் இடம்பெற வேண்டும். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊருக்குக் கணக்கெடுக்க வருபவர்களிடம் அவர்கள் கேட்காததையும் சொல்லுங்கள், பெண்களையும் முதியவர்களையும் கூட்டத்தில் பேசவையுங்கள், பதிந்துகொண்டு போனதை மறுபடி வந்து பார்ப்பார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.